எடையும் ஏற்றமும்

குத்துச்சண்டை உலகில் பேருடல் வீரர்க்கே பெரும்புகழ் வாய்த்து வந்தது. சிற்றெடை வீரரை மதிப்பிடச் சுவைஞர் வேறோர் அளவுகோல் கொண்டனர்: எடை வேற்றுமையை நீக்கி நோக்கின் எவர் திறன் மிக்கவர் என்பதே அது.

112 இராத்தல் பிரிவில் அதற்குச் சான்றாய் நின்றவர் வேல்ஸ் நாட்டு ஜிம்மி வைல்டு. இளமையில் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்த அவர், 1916-இல் உலக வெற்றி வீரரானார். தம்மினும் எடைமிக்காரை வீழ்த்தியமையே அவர்தம் சிறப்பு.

1923 ஜூன் 18-இல் நியூயார்க்கில் அவரை ஏழாம் சுற்றில் சாய்த்தார் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பாஞ்சோ வில்லா. ஆசியாவின் முதல் உலக வெற்றி வீரர் அவரே. ஆயினும் ஓர் ஐயம் எழுந்தது. வைல்டுக்கு அப்போது அகவை 31. ஈராண்டுக்கு மேல் களம் காணாதவர். எனின், வென்றது வில்லாவின் திறனா, வைல்டின் தளர்ச்சியா?

அதற்கு விடைகூற வில்லாவுக்குக் காலம் வாய்க்கவில்லை. பல் பிடுங்கியதைத் தொடர்ந்த நச்சுத்தொற்றால் 1925 ஜூலையில், 23-ஆம் அகவையில் மறைந்தார். பட்டத்தைக் களத்தில் எவரிடமும் இழக்கவில்லை.

வைல்டை முதல்வராய்க் கொள்வோர் அவர்தம் நெடிய வெற்றி வரிசையைச் சுட்டுவர். வில்லாவைப் போற்றுவோர் முற்றுப்பெறா ஆற்றலைச் சுட்டுவர். வென்ற கணக்கு மட்டும் தரவரிசை ஆகாது. யாரை, எந்நிலையில் வென்றார் என்பதும் வேண்டும். வரலாற்று மாணவர்க்கும் இதுவே நெறி.