காற்றை உண்டு நடக்கும் சிற்பங்கள்



சிற்பம் என்றதும் கோயில் தூணில் அசையாது நிற்கும் யாளிதான் நம் நினைவுக்கு வரும். ஆனால், கடற்கரை மணலில் தானே நடந்து செல்லும் சிற்பங்களும் உலகில் உண்டு. அவை பிறந்த இடம் நெதர்லாந்து. 1641-இல் போர்த்துகீசியரிடமிருந்து மலாக்காவைக் கைப்பற்றினார்களே, அந்த டச்சுக்காரர்களின் நாடுதான் அது.

அந்நாட்டு நிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கடல்மட்டத்துக்கும் கீழே கிடக்கிறது. நம் சிலாங்கூர் கரையோரத் தோட்டங்களில் கடல்நீர் புகாதபடி வரம்பு கட்டித் தென்னையும் செம்பனையும் வளர்த்தது போலவே, அவர்களும் கரை எழுப்பிக் கடலைத் தடுத்தார்கள். உள்ளே தேங்கிய நீரைக் காற்றாலைகளால் இறைத்தார்கள். கின்டர்டைக் என்னும் ஊரில் பழைய காற்றாலைகள் 19 இன்றும் நிற்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை 1740-ஐ ஒட்டிக் கட்டப்பட்டவை.

இத்தனை காவல் இருந்தும், 1953 பிப்ரவரி முதல் நாள் விடியுமுன் புயலோடு கடல் பொங்கிக் கரைகளை உடைத்தது. அந்நாட்டில் மட்டும் 1,836 பேர் மாண்டனர். இந்தத் துயரத்துக்குப் பிறகே பெரும் அணைகளும் மதகுகளும் கொண்ட டெல்டா திட்டம் உருவாயிற்று.

அந்த வெள்ளத்துக்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1948-இல், ஸ்கெவனிங்கன் என்ற கடற்கரை ஊரில் பிறந்தவர் தியோ யான்சன். டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் பயின்றவர், படிப்பை இடையில் விட்டு ஓவியரானார். 1990-இல் ஒரு நாளிதழில் அவர் விந்தையான யோசனை ஒன்றை எழுதினார். கடற்கரை மணல்மேடுகள் இயற்கை தந்த சுவர்கள். காற்றால் நடக்கும் எலும்புக்கூடுகள் மணலை வாரி அந்த மேடுகள்மீது எறிந்தால், உயர்ந்து வரும் கடலிலிருந்து நாடு பிழைக்குமே என்பதுதான் அது. எழுதியதோடு நில்லாமல், வீட்டு மின்கம்பிகளைச் செருகும் மலிவான பிளாஸ்டிக் குழாய்களை வாங்கி வேலையையும் தொடங்கிவிட்டார்.

நடக்க வைப்பது எளிதாக இல்லை. தையல் இயந்திரத்தை நினைத்துப் பாருங்கள். மிதிபலகையின் ஆட்டம் சக்கரத்தின் சுழற்சியாக மாறுகிறது. யான்சனுக்கு வேண்டியது இதற்கு நேர்மாறானது: சுழற்சி, காலின் நடையாக மாற வேண்டும். பாதம் தரையில் சமமாக ஊன்ற வேண்டும். பின்பு தூக்கி முன்னே வைக்க வேண்டும். உடம்போ குலுங்கக் கூடாது. இதற்கேற்ற குழாய் நீளங்களைக் கணிப்பொறியில் தேடினார். 1,500 கால்களை வரைந்து, சிறந்த 100-ஐத் தேர்ந்து, அவற்றைக் கலந்து மீண்டும் புதிய கால்களை உண்டாக்கினார். மாதக்கணக்கில் இப்படிச் செய்து 11 அளவுகளைக் கண்டார். அந்த 11 எண்களே அவருடைய விலங்குகளின் நடை.

இவற்றுக்கு டச்சு மொழியில் 'ஸ்ட்ராண்ட்பீஸ்ட்', அதாவது கடற்கரை விலங்கு என்று பெயர். எண்ணெய் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். சில விலங்குகள் இறக்கையால் காற்றை அடித்துக் காலிச் சர்பத் போத்தல்களில் அடைத்துக்கொள்ளும். காற்று ஓய்ந்தபின் அதைச் செலவழித்து நடக்கும். ஒரு குழாய் தரையை ஒட்டிக் காற்றை உறிஞ்சியபடி வரும். அதில் நீர் ஏறினால், கடல் அருகில் இருப்பதை உணர்ந்து விலங்கு பின்வாங்கும். புயல் வந்தால் ஆணியடித்துத் தன்னை மணலில் கட்டிக்கொள்ளும் விலங்கும் உண்டு.

2018-இல் இவை சிங்கப்பூர் ஆர்ட்சயன்ஸ் அருங்காட்சியகத்துக்கும் வந்தன.

இவை நாட்டைக் காப்பாற்றிவிட்டனவா? இல்லை. அந்நாட்டைக் காப்பவை இன்றும் கரைகளும் அணைகளுமே. குழாயும் பிளாஸ்டிக்தான், மண்ணில் மக்காது. ஆயினும் கடலுக்கு அஞ்சிய மக்கள், அந்தக் கடற்காற்றையே முதலில் நீர் இறைக்கவும், பின்னர் கலை படைக்கவும் வேலை வாங்கினார்கள். காற்றாலை கட்டிய தச்சனும் இந்தச் சிற்பியும் கேட்டது ஒரே கேள்விதான்: செலவின்றி வீசும் இக்காற்றை என்ன செய்யலாம்?

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை உடைந்த குழாயையும் காலிப் போத்தலையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தால் குப்பை என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். அது எப்படி ஓடும் என்று கேளுங்கள். பிள்ளை சொல்லும் விடையைப் பொறுமையாகக் கேட்பதும் கல்விதான்.