மஞ்சூரியாவில் கிடைக்காத மஞ்சூரியன்

அம்பத்தூர்க்காரனுக்கு பீச் என்றால் முதலில் ஞாபகம் வருவது கடல் இல்லை, ரயில்வே ஸ்டேஷன். "பீச் வண்டி வருதுடா" என்று ஓடிப் போய் ஏறி, கடைசி வரை உட்கார்ந்திருந்தாலும் காலில் மணல் படாது. துறைமுகச் சுவரும் பர்மா பஜாரும்தான் வரவேற்கும். நிஜமான கடற்கரைக்குப் போக வேண்டுமென்றால் அதற்கப்புறமும் பஸ் பிடிக்க வேண்டும்.

அப்படித்தான் ஐந்தாவது செமஸ்டர் கடைசிப் பரீட்சை (காஸ்ட் அக்கவுண்டிங், அதைப் பற்றிப் பேச வேண்டாம்) முடிந்த அன்று நாங்கள் நாலு பேர் பெசன்ட் நகர் போனோம். அலையில் காலை நனைத்துவிட்டு, பசியோடு உள்தெருவில் நுழைந்தால் ஒரு சின்ன சைனீஸ் ஹோட்டல். மொத்தம் ஏழெட்டு மேஜை. கூரையில் சிவப்புக் காகித விளக்கு, சுவரில் ஒரு டிராகன், அதற்குப் பக்கத்திலேயே பிள்ளையார் படமும் சீரியல் பல்பும். மேஜை மேல் வழக்கமான மும்மூர்த்திகள்: சோயா சாஸ், சில்லி சாஸ், பச்சை மிளகாய் மிதக்கும் வினிகர். ஸ்வீட் கார்ன் சூப்பை நாலாகப் பிரிக்கச் சொன்னோம். முகம் சுளிக்காமல் பிரித்துக் கொடுத்தார்கள். அப்புறம் கோபி மஞ்சூரியன், ஷெஷ்வான் ஃப்ரைடு ரைஸ், சில்லி சிக்கன்.

மஞ்சூரியன் வந்ததும் நண்பன் ஒருவன் கேட்டான், "மஞ்சூரியான்னு நிஜமாவே ஒரு ஊர் இருக்காடா?"

இருக்கிறது. சீனாவின் வடகிழக்கு மூலை. 1644 முதல் 1912 வரை சீனாவை ஆண்ட மஞ்சு வம்சத்தின் சொந்த மண். 1932-ல் ஜப்பான் அங்கே மஞ்சுகுவோ என்று ஒரு பொம்மை அரசை நிறுவி, நாற்காலி இழந்த பழைய பேரரசரையே அதில் உட்கார வைத்தது. குளிர் எலும்பைத் துளைக்கும் ஊர் அது. ஆனால் அங்கே போய் ஒரு பிளேட் மஞ்சூரியன் கேட்டால் யாருக்கும் புரியாது. ஏனென்றால் அது பிறந்தது பம்பாயில்.

நெல்சன் வாங் என்பவர் கல்கத்தாவில் 1950-ல் பிறந்த சீனர். கையில் காசில்லாமல் பம்பாய் வந்து, சின்னச் சின்ன வேலைகள் பார்த்து, கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவில் சமையல்காரர் ஆனார். 1975-ல் யாரோ ஒரு வாடிக்கையாளர் மெனுவில் இல்லாத புதுசு ஏதாவது கேட்டாராம். வாங் நம்மூர்க்காரர் போலவே இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாயை எண்ணெயில் வதக்கினார். அடுத்து கரம் மசாலா போட வேண்டிய இடத்தில் சோயா சாஸை ஊற்றினார். கார்ன்ஃப்ளார் கரைத்துவிட்டு, பொரித்த கோழியைப் போட்டுப் புரட்டினார். சிக்கன் மஞ்சூரியன் தயார். இது அவரே சொல்லும் கதை. 1983-ல் அவர் பம்பாயில் சைனா கார்டன் என்று சொந்த ஹோட்டலே திறந்துவிட்டார். பிறகு கோழி இருந்த இடத்தில் காலிஃபிளவர் உட்கார்ந்ததும், அது கல்யாணப் பந்தி வரை வந்ததும் நமக்குத் தெரிந்த கதைதான்.

ஷெஷ்வானும் இப்படித்தான். சிச்சுவான் என்ற சீன மாகாணத்தின் பெயர் நம் வாயில் பட்ட பாடு. 1973-ல் பம்பாய் தாஜ் ஹோட்டலில் கோல்டன் டிராகன் திறந்தபோது அந்தச் சமையல் பெரிய மனிதர்களுக்கு அறிமுகமானது. சிச்சுவானின் அடையாளமே நாக்கை மரத்துப் போகச் செய்யும் ஒருவகை மிளகுதான். நம் தெருவுக்கு இறங்கி வந்த ஷெஷ்வான் சாஸில் அது சுத்தமாகக் கிடையாது. காய்ந்த மிளகாயும் பூண்டும் அரைத்த சட்னி அது, அவ்வளவுதான். நம் வீட்டு மிளகாய்ச் சட்னிக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இதெல்லாம் எல்லோரும் சொல்கிற தமாஷ் கதைதான். எனக்குக் கேள்வி வேறு. கல்கத்தாவில் சீனர் எப்படி வந்தார்?

எங்கள் ஆச்சிக்கு திருநெல்வேலிப் பக்கம். இன்னமும் சர்க்கரை என்று சொல்ல மாட்டாள், சீனி என்றுதான் சொல்வாள். அடுப்பில் இருப்பது வாணலி இல்லை, சீனச்சட்டி. தீபாவளிக்குச் சீனவெடி. சாப்பாடு வருவதற்கு ரொம்ப முன்னாலேயே சீனா நம் வார்த்தைக்குள் வந்துவிட்டது. அந்தப் பக்கமும் அப்படித்தான்: சீனாவின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. நம் வணிகர்கள் அங்கே சிவன் கோயில் கட்டியிருக்கிறார்கள்.

ஆனால் குடியேறித் தங்கிய சீனர் என்று பார்த்தால், வங்காளத்தில் முதலில் சொல்லப்படும் பெயர் டாங் அச்சியூ. வாரன் ஹேஸ்டிங்ஸ் கவர்னர் ஜெனரலாக இருந்தபோது ஹூக்ளி நதிக்கரையில், பட்ஜ் பட்ஜ் பக்கத்தில் நிலம் வாங்கிக் கரும்பு ஆலை வைத்தார். அதாவது அவர் வந்ததே சீனி காய்ச்சத்தான்! அந்த ஊர் இன்றும் அவர் பெயரால் அச்சிப்பூர். சீனப் புத்தாண்டு சமயத்தில் கல்கத்தாச் சீனர்கள் அங்கே போய் அவர் சமாதியைக் கும்பிடுகிறார்கள்.

அவருக்குப் பின் வந்தவர்கள் ஆளுக்கொரு தொழிலைப் பிடித்தார்கள். காண்டன் பகுதிக்காரர்கள் தச்சு வேலை. ஹூபே மாகாணத்தார் பல் வைத்தியம் (சென்னையில் சீனப் பல் டாக்டர்கள் என்று தாத்தாக்கள் சொல்வது இவர்களைத்தான்). ஹக்கா சீனர்கள் செருப்புத் தைப்பதும், டாங்ரா என்ற பகுதியில் தோல் பதனிடுவதும். இங்கே மேல்சாதி தொடாத தொழில் என்பதால் போட்டி குறைவு. காமர்ஸ் பாஷையில் சொன்னால், வேறு யாரும் நுழையாத சந்தை. மெனுவில் ஹக்கா நூடுல்ஸ் என்று இருக்கிறதே, அந்த ஹக்கா ஒரு சமையல் முறை இல்லை. இந்தத் தோல் தொழிலாளர்களின் இனப் பெயர்.

பிறகு 1962 வந்தது. எல்லைப் போர் அக்டோபர் 20-ல் தொடங்கி நவம்பர் 21-ல் முடிந்தது. ஒரே மாதம். ஆனால் இங்கிருந்த சீனர்களுக்கு அது ஒரு மாதத்தில் முடியவில்லை. சட்டத்தைத் திருத்தி, இந்தியாவில் பிறந்து குடியுரிமை பெற்றவர்களாக இருந்தாலும் சீன வம்சாவளி என்றால் பிடிக்கலாம் என்று ஆக்கினார்கள். அஸ்ஸாம், ஷில்லாங், டார்ஜிலிங் பக்கமிருந்து சுமார் 3,000 பேர், கைக்குழந்தை முதல் கிழவர் வரை, ரயிலில் ஏற்றப்பட்டார்கள். பல நாள் பயணம். இறங்கிய இடம் ராஜஸ்தான் பாலைவனப் பக்கம் தேவ்லி என்ற ஊரில் ஒரு பழைய சிறைமுகாம். சிலர் வெளியே வர 1967 ஆகிவிட்டது. வந்து பார்த்தால் கடை இல்லை, வீடு இல்லை, ஏலம் போயிருந்தது.

பன்னிரண்டு வருடம் பள்ளியில் வரலாறு படித்தேன். 1962 போர் பாடத்தில் இருந்தது. தேவ்லி இருந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

நிறையப் பேர் கனடா பக்கம் போய்விட்டார்கள். டொரன்டோவில் ஹக்கா ரெஸ்டாரன்ட் என்று போர்டு போட்டு நம்மூர் சில்லி சிக்கனையே விற்கிறார்கள். இங்கேயே இருந்தவர்களுக்கு, எந்தப் பெரிய முதலீடும் இல்லாமல், எவன் தயவும் இல்லாமல் கைகொடுத்த தொழில்களில் சமையல் ஒன்று. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கல்கத்தாத் தோல் தொழிற்சாலைகளை ஊருக்கு வெளியே மாற்றச் சொன்னது (அதே வருடம் நம் வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகள் மீதும் தீர்ப்பு வந்தது, சுற்றுச்சூழல் பாடத்தில் படித்திருப்பீர்கள்). டாங்ராவில் தோல் ஊறிய கொட்டகைகள் பல ஹோட்டலாக மாறின. ஆக, நாம் வெறும் டேஸ்ட்டாகச் சாப்பிடுவது, ஒவ்வொரு தடவையும் தொழில் போனவர்கள் கண்டுபிடித்த பிழைப்பு.

இதில் சென்னைக்கு என்று தனியாக ஒரு கிளைக் கதை இருக்கிறது. அதற்கு மறுபடி நம் பீச் ஸ்டேஷனுக்கே வர வேண்டும்.

அதே 1962, மார்ச் 2. பர்மாவில் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடிக்கிறார். அடுத்த வருடம் வங்கிகள் தேசியமயம், 1964-ல் கடைகள் தேசியமயம். அந்த மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு. 2016 நவம்பரில் நாம் ஏ.டி.எம். வாசலில் நின்றோமே, அதைப் பலமடங்கு பெருக்கிக்கொள்ளுங்கள். தலைமுறைகளாக ரங்கூனில் இருந்த தமிழர்கள் ஏறக்குறைய வெறுங்கையோடு கப்பலேறி மெட்ராஸ் வந்தார்கள். அவர்களில் பலருக்கு அரசாங்கம் துறைமுகத்தின் ஓரத்தில் கடை போட்டுக்கொள்ள இடம் கொடுத்தது. அதுதான் பர்மா பஜார்.

அவர்கள் கொண்டுவந்த சாப்பாடு அத்தோ. செகண்ட் லைன் பீச் ரோட்டில் சாயங்காலம் போனால் தள்ளுவண்டிகள் நிற்கும். ஆரஞ்சு நிற நூடுல்ஸ், நறுக்கிய கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், பூண்டு எண்ணெய் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். அடுப்பு, சாஸ் எதுவும் இதற்குத் தேவையில்லை. ஃப்ரைடு ரைஸை விட எனக்கு இதுதான் உசத்தி. சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம் :-)

யோசித்துப் பாருங்கள். ஒரே வருடம். அங்கே தமிழன் "வெளியாள்", இங்கே சீனன் "எதிரி". இரண்டு பேரும் பிழைப்புக்கு நூடுல்ஸ் போட்டார்கள். இரண்டையும் நாம் எக்ஸ்ட்ரா சாஸ் கேட்டு வாங்கித் தின்றோம்.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் நான் யோக்கியன் வேஷம் போடுவதாக ஆகும். எஸ்டேட் பக்கம் எங்கள் தெருமுனையில் ஒரு ஃபாஸ்ட் ஃபுட் வண்டி இருந்தது. கலிம்போங்கிலிருந்து வந்த ஒரு அண்ணன்தான் மாஸ்டர். எக் ரைஸ் போடும்போது கரண்டியால் சட்டியில் தாளம் தட்டுவார், அதைப் பார்க்கவே ஷிஃப்ட் முடிந்த கம்பெனிக்காரர்கள் கூட்டமாக நிற்பார்கள். 2020 மார்ச். நான் அப்போது பள்ளி மாணவன். எங்கள் கும்பலில் ஒருவன் அவரைப் பார்த்து, "அண்ணே, கொரோனா எவ்ளோ? ஆஃபா ஃபுல்லா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தோம். நானும்தான். அவர் தலை நிமிரவில்லை. பொட்டலத்தை மடித்து, ரப்பர் பேண்ட் போட்டு நீட்டினார். சில நாளில் ஊரடங்கு வந்தது. வண்டி போனது, அவரும் போனார். பிறகு நான் பார்க்கவில்லை.

தேவ்லி பற்றிப் படித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த ரப்பர் பேண்ட்தான்.

பெசன்ட் நகரில் பில் வந்தது. நாலாகப் பிரித்து, சில்லறை குறைந்து, ஜி.பே. பண்ணி ஒருவழியாகக் கட்டினோம். வெளியே வரும்போது மாஸ்டர் வாசலில் நின்று காற்று வாங்கிக்கொண்டிருந்தார். சாப்பாடு நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு, எந்த ஊர் அண்ணா என்று கேட்டேன். மிரிக் என்றார், டார்ஜிலிங் பக்கம். நல்ல தமிழ். வந்து ஒன்பது வருடம் ஆகிறதாம்.

"நீங்க எங்கேந்து தம்பி?"

"அம்பத்தூர்."

"அய்யோ, அவ்ளோ தூரத்துலேந்தா?" என்றார்.