கப்பல் பட்டறையிலிருந்து வந்த கருவி

சில இதயங்கள் பிறவியிலேயே தப்பாக இணைக்கப்பட்டிருக்கும், ஆனாலும் ஓடும். இடது கீழறை இருக்க வேண்டிய இடத்தில் வலது கீழறை, வலதின் இடத்தில் இடது. அதோடு இரண்டு பெரிய ரத்தக்குழாய்களும் இடம் மாறியிருக்கும். இரண்டு தப்பும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுவதால், ரத்தம் போக வேண்டிய இடத்துக்குப் போய்விடுகிறது. பிறவி இதயக் குறைகளில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவான ரகம் இது. வேறு கோளாறு சேராவிட்டால் அந்த ஆள் பந்து விளையாடுவார், பிள்ளை பெறுவார், ‘எனக்கு ஒண்ணும் இல்ல’ என்றே நாற்பது வயதைத் தாண்டுவார்.

சிக்கல் பளுவில் இருக்கிறது. வலது கீழறை, நுரையீரலுக்குக் குறைந்த அழுத்தத்தில் ரத்தம் அனுப்ப அமைந்தது. இங்கே அது உடம்பு முழுவதற்கும் தள்ளுகிறது. பல வருஷம் தாங்கும். பிறகு வால்வு கசியும், தசை தளரும்.

1875-இல் வியன்னாவில் கார்ல் ரொக்கிட்டான்ஸ்கி இதை விவரித்தார். அவர் பிணங்களை அறுத்து ஆராய்ந்தவர். 1936-இல் மாண்ட்ரியலின் மாட் அபட் 1000 பேரின் பிறவி இதயக் குறைகளைத் தொகுத்து வெளியிட்ட அட்லஸும் பிரேதப் பரிசோதனையைப் பெரிதும் நம்பியதுதான். குறை தெரிய வந்தபோது ஆள் இல்லை.

உயிருள்ள இதயத்தைப் பார்க்கும் வழி மருத்துவத்துக்கு வெளியிலிருந்து வந்தது. சுவீடனின் லுண்ட் நகரில், அறுவைக்கு முன் இதய வால்வின் நிலையை அறிய வழி தேடிய மருத்துவர் எட்லர், இயற்பியலாளர் ஹெல்முத் ஹெர்ட்ஸிடம் போனார். மால்மோ கப்பல் பட்டறையில் உலோகத்துக்குள் விரிசல் தேடும் மீயொலிக் கருவி ஒன்று இருந்தது. ஹெர்ட்ஸ் அதைத் தன் நெஞ்சிலேயே வைத்துப் பார்த்தார். துடிப்போடு சேர்ந்து எதிரொலியும் அசைந்தது. 1953 அக்டோபர் 29 அன்று, சீமன்ஸ் கருவி ஒன்றின் உதவியால், இதய அசைவு முதன்முதலாகப் பதிவானது. வெல்டிங்கை உடைக்காமல் சோதிக்க எங்களைப் போன்ற பொறியியலாளர்கள் இன்றும் நம்புவது இதே தத்துவத்தைத்தான்.

அன்று கிடைத்தவை வெறும் கோடுகள். 1970களில் அசையும் படம் வந்தது. எந்த அறை எங்கே இருக்கிறது என்று அதில் பார்க்க முடிந்தது. மூச்சு வாங்குகிறது என்று வந்த ஐம்பது வயதுக்காரரிடம்கூட இந்தத் தலைகீழ் இதயம் அகப்பட்டது.

கோலாலம்பூரில் 1992-இல் தேசிய இதயக் கழகம், நாம் சொல்லும் ஐஜேஎன், தொடங்கியது. பங்சாரில் இருப்பவருக்கு இன்று எக்கோ எடுப்பது பெரிய காரியமில்லை. சரி, பார்த்து என்ன பயன்? இந்த வயதில் இணைப்பை மாற்றியமைப்பது அரிது. ஆனால் தசை தளருமுன் கசியும் வால்வை மாற்றலாம். துடிப்பு தடைபட்டால் பேஸ்மேக்கர் பொருத்தலாம். அதற்கு அந்த ஆள் ஒருமுறையாவது படுக்கையில் இடப்பக்கம் திரும்பிப் படுத்து, நெஞ்சில் குளிர்ந்த ஜெல் தடவ விட வேண்டும்.