சுண்டெலியின் காலும் மனிதனின் முழங்காலும்

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை வீதி வழியே தெற்கு நோக்கிச் செல்வோர் ஏறத்தாழ ஆறு கிலோமீற்றர் தொலைவிற் காத்தான்குடியை அடைவர். ஒருபுறம் வாவி, மறுபுறம் கடல். இவ்விரண்டுக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய மணல் நிலத்தில், 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் நெருங்கி வாழ்ந்தனர். சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் வீடுகள்; வீடு தோறும் கிணறு, தொட்டி, வாளி; மாரி பிறந்துவிட்டால் சிரட்டை முதல் பழைய ரயர் வரை எங்கும் தேங்கி நிற்கும் நீர். பகலிற் கடிக்கும் ஈடிசு நுளம்புக்கு இதனினும் உவப்பான குடியிருப்பு வேண்டியதில்லை.

2006 ஆம் ஆண்டின் இறுதியில், வடகீழ்ப் பருவ மழையோடு, இலங்கையின் கரையோர ஊர்களில் ஒரு காய்ச்சல் மூண்டது. யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை, மட்டக்களப்பு, கல்முனை, புத்தளம், கொழும்பு ஆகிய இடங்களிலெல்லாம் அது பரவிற்று. நோய் கண்டவர் எனக் கருதப்பட்டோர் தொகை 37,000-க்கும் அதிகம். அக்காலம் மட்டக்களப்புக்குப் பொல்லாத காலம். வாகரைப் பக்கத்தில் நடந்த போரினால் இடம்பெயர்ந்த பல்லாயிரவர் முகாம்களிலும் பாடசாலைகளிலும் ஒதுங்கியிருந்தனர். வீட்டை இழந்தவனுக்கு நுளம்பு வலை எங்கிருந்து கிடைக்கும்?

காய்ச்சல் சில நாளிற் தணிந்துவிடும். தணியாதது மூட்டு நோவு. மணிக்கட்டும் விரற்கணுவும் கணுக்காலும் முழங்காலும் வீங்கும். காலையிற் பாயை விட்டு எழுந்திருப்பதற்கே பிறர் துணை வேண்டும். நெற்றி நிலத்திற் படத் தொழுது பழகியவர் கதிரையில் அமர்ந்து தொழ வேண்டியவராவர். தேங்காய் துருவிய கை தேநீர்க் குவளையைத் தூக்கவும் மாட்டாது. சிலருக்கு இத்துன்பம் வாரக் கணக்கிலும், சிலருக்கு மாதக் கணக்கிலும், வேறு சிலருக்கு ஆண்டுக் கணக்கிலும் நீடிப்பது உண்டு.

இக்காய்ச்சலுக்குச் சிக்குன்குனியா என்று பெயர். பெயரின் முற்பகுதியைக் கேட்டு, கோழியிறைச்சி உண்பதனால் வரும் நோய் போலும் என்று அஞ்சியவர்களும் உளர். கோழிக்கும் இதற்கும் யாதொரு தொடர்புமில்லை. ஆபிரிக்காவின் மக்கொண்டே மக்கள் தம் மொழியில், உடலை வளைத்துக் கோணச் செய்வது என்ற பொருளில் வழங்கிய சொல் அது. நோவினாற் கூனிப்போன மனிதனைக் கண்ட கண் சூட்டிய பெயர். நம்மவர் முடக்கு வாதம் என்று சொல்வதும் ஏறக்குறைய அதே காட்சியைத்தானே?

அந்த மக்கொண்டே நாடு அக்காலத்தில் தங்கனீக்கா என வழங்கிய இன்றைய தன்சானியாவின் தென்பகுதியில் உள்ளது. 1952 இலும் 1953 இலும் அங்கே நியூவாலா மாவட்டத்தில் இந்நோய் பெருவாரியாக வந்தது. அது நீர் அருகிய மேட்டு நிலம். தொலைவிலிருந்து சுமந்து வந்த நீரை மக்கள் வீட்டுக்குள்ளே சேமித்து வைத்தனர். அந்நீரில் நுளம்பு பெருகிற்று. றொபின்சன், லம்ஸ்டன் என்னும் இருவர் இந்நோயை ஆராய்ந்து 1955 இல் விரிவாக எழுதினர். றொஸ் என்னும் அறிஞர் நோயாளிகளின் குருதியிலிருந்தும் நுளம்புகளிலிருந்தும் நோய்க்குக் காரணமான வைரசைப் பிரித்தெடுத்து, 1956 இல் அச்செய்தியை வெளியிட்டார்.

அவர் அதை எவ்வாறு பிரித்தார்? இங்கேதான் சுண்டெலி கதைக்குள் நுழைகின்றது. வைரசு சாதாரண உருப்பெருக்கிக் கண்ணாடிக்குத் தென்படாதது. உயிருள்ள கலத்துக்கு வெளியே பெருகாதது. ஆதலால், பிறந்து ஓரிரு நாளே ஆன, இன்னும் பால் மறவாத சுண்டெலிக் குட்டிகளுக்கு நோயாளியின் குருதி நீர் ஏற்றப்பட்டது. நோயெதிர்ப்புச் சக்தி முதிராத அக்குட்டிகள் சில நாட்களில் நோயுற்றன. அவற்றிலிருந்து எடுத்ததை வேறு குட்டிகளுக்கு ஏற்ற, அவையும் நோயுற்றன. கண்ணுக்குப் புலனாகாத பகைவன் ஒருவன் இருக்கின்றான் என்பதற்கு அந்தச் சிறு பிராணிகளின் மரணமே சாட்சியாயிற்று. அன்று சுண்டெலி வெறும் சாட்சிதான். மூட்டு ஏன் வீங்குகின்றது என்ற கேள்வியை அதனிடம் எவரும் கேட்கவில்லை.

அந்த வைரசு இந்துமாக்கடலைக் கடந்து வந்தது. 1963 இற் கல்கத்தாவிலும், 1964 இற் சென்னையிலும் வேலூரிலும், 1965 இல் இலங்கையிலும் அது காணப்பட்டது. பின்னர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இந்நாட்டில் அதன் பேச்சே இல்லை. 2004 இற் கென்யாவின் லாமுத் தீவில் மீண்டும் தலைகாட்டி, கொமொரோ, றீயூனியன் தீவுகளைப் பற்றிக்கொண்டு, 2005 இன் இறுதியில் இந்தியாவை எட்டி, அடுத்த ஆண்டில் நம் கரையை அடைந்தது. மரக்கலக்காரர் முற்காலத்தில் ஏலமும் தந்தமும் ஏற்றிச் சென்ற கடல் வழியை இது பெரிதும் ஒத்திருப்பது கவனிக்கத்தக்கது.

இனி, மூட்டின் கதைக்கு வருவோம். முடக்கு வாதம் என்பது நோயெதிர்ப்புச் சக்தி தன் உடலையே பகையெனக் கருதித் தாக்குவதால் வருவது. மூட்டினுள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு தடித்துப் பெருகி, குருத்தெலும்பையும் எலும்பையும் அரித்துவிடும். உயிரோடிருக்கும் மனிதனின் மூட்டைப் பிளந்து நாள்தோறும் பார்க்க இயலாது. நோய் தொடங்குவதற்கு முன் அங்கே நிகழ்ந்தது யாது என்பதைப் பார்ப்பதோ அறவே இயலாது. நோய் வந்த பிறகல்லவா நோயாளி வைத்தியரிடம் வருகின்றார்! இக்காரணத்தால் அறிஞர் ஒரு மாற்றுடல் தேடினர்.

மாற்றுடலாக அமைந்த சுண்டெலிக்கும் ஒரு வரலாறு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவில், ஆசிரியையாக இருந்து பின்னர் எலி வளர்ப்பைத் தொழிலாகக் கொண்ட அபி லேத்ரொப் என்ற பெண்மணி ஆராய்ச்சிக்கூடங்களுக்குச் சுண்டெலிகளை வழங்கி வந்தார். 1909 இல் கிளாரன்ஸ் குக் லிட்டில் என்ற இளைஞர், உடன்பிறந்த எலிகளையே தலைமுறை தலைமுறையாக இணைத்து, ஒன்றையொன்று அச்சாக ஒத்த வமிசம் ஒன்றை உருவாக்கத் தொடங்கினார். டி.பி.ஏ. எனப்படும் அவ்வமிசமே உள்ளினப்பெருக்கத்தால் உண்டான சுண்டெலி வமிசங்களுள் மூத்தது. ஓர் எலியிற் கண்டதை மற்றோர் எலியிலும் காணலாம் என்ற உறுதி இதனாலே கிடைத்தது.

1977 இல் எலிகளிலும், 1980 இற் சுண்டெலிகளிலும் ஒரு புதுமை காணப்பட்டது. குருத்தெலும்பில் உள்ள கொலாஜன் என்னும் புரதத்தை, கொல்லப்பட்ட காசநோய்க் கிருமிகள் கலந்த எண்ணெய்க் குழம்பிற் குழைத்து, டி.பி.ஏ. வமிசத்துச் சுண்டெலியின் வாலடியில் ஏற்றினர். மூன்று நான்கு வாரங்களில் அதன் பாதங்கள் சிவந்து வீங்கின. அந்நியப் புரதத்தை எதிர்க்கப் புறப்பட்ட படை, அதைப் போன்றதேயான சொந்தக் குருத்தெலும்பையும் தாக்கியது. எல்லா வமிசத்துச் சுண்டெலிகளும் இவ்வாறு நோயுறவில்லை; குறித்த பரம்பரை அலகுகளை உடையவையே பெரும்பாலும் நோயுற்றன. மனிதரிலும் முடக்கு வாதம் சில பரம்பரை அலகுகளோடு தொடர்புடையது என்பதால், இவ்வொப்புமை ஆராய்ச்சியாளரைக் கவர்ந்தது.

அதன் பயன் இலண்டனில் வெளிப்பட்டது. பஞ்சாபின் லூதியானாவிற் பிறந்த ரவீந்தர் மெய்னியும், மார்க் பெல்ட்மனும் அங்கே கூடி உழைத்தனர். முடக்குவாத நோயாளிகளின் மூட்டுச் சவ்வை ஆய்ந்து, டி.என்.எப். என மூன்றெழுத்தால் வழங்கும் ஒரு புரதமே அழற்சியை மூட்டிவிடும் தீக்குச்சி என்று அவர்கள் கருதினர். கருத்துச் சரியா என்பதைச் சுண்டெலியிடம் கேட்டனர். பாதம் வீங்கத் தொடங்கிய பின்னர், அப்புரதத்தை முடக்கும் பிறபொருளெதிரியைக் கொடுத்தபோது வீக்கமும் மூட்டுச் சிதைவும் குறைந்தன. இது 1992 இல் வெளியாயிற்று. இதற்கு ஓராண்டு முன்பே, கிரேக்க நாட்டில் ஜோர்ஜ் கொலியாஸ் குழுவினர், மனித டி.என்.எப். அலகைத் தாங்கிப் பிறந்த சுண்டெலிகள் தாமாகவே மூட்டழற்சி அடைவதைக் காட்டியிருந்தனர்.

1992 இலேயே இலண்டன் சேரிங் குரொஸ் வைத்தியசாலையில் முதல் நோயாளிகளுக்கு அம்மருந்து ஏற்றப்பட்டது. 1994 இல் வெளியான, 73 நோயாளிகளைக் கொண்ட சோதனையிற் போலி மருந்து பெற்ற 24 பேரில் இருவரே தேறினர். உயர்ந்த அளவு மருந்து பெற்ற 24 பேரிற் பத்தொன்பதின்மர் தேறினர். வைத்திய வரலாற்றில் இவ்வளவு தெளிவான விடை அடிக்கடி கிடைப்பதில்லை.

ஆயினும் சுண்டெலியை முழுதும் நம்பிவிடுவது பேதைமை. வேறு சில மருந்துகள் எலியின் பாதத்தை அற்புதமாக ஆற்றிவிட்டு, மனிதனின் முழங்காலிலே தோற்றன. டி.என்.எப். முடக்கும் மருந்தும் வேறொரு கேட்டைக் கொண்டு வந்தது. உடலுக்குள் அடங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமியைச் சிறையிட்டு வைப்பதில் அதே டி.என்.எப். பங்கு கொள்கின்றது, காவலாளியைக் கட்டிப் போட்டதும் கைதி வெளிவந்தான். 2001 இல் இதுபற்றிய எச்சரிக்கை வெளியாயிற்று. கூண்டுக்குள்ளே துப்புரவாக வளர்க்கப்பட்ட சுண்டெலி இதனை முன்கூட்டிச் சொல்லவில்லை. காசநோய் இன்னும் நீங்காத நம் போன்ற நாடுகளில் இது சிறிய விடயமன்று.

இவ்விரு கதைகளும் அவுஸ்திரேலியாவின் பிறிஸ்பேன் நகரிற் கூடின. 2010 இல் அங்குள்ள ஆராய்ச்சியாளர், வளர்ந்த சுண்டெலியின் பாதத்திற் சிக்குன்குனியா வைரசை ஏற்றி, மனிதருக்கு வருவது போன்ற மூட்டழற்சியை உண்டாக்கினர். 2012 இல், அம்மூட்டில் எந்தெந்தப் பரம்பரை அலகுகள் விழித்தெழுகின்றன என்று கணக்கிட்டுப் பார்த்தபோது, முடக்குவாத மூட்டில் விழித்தெழுபவற்றோடு அவை பெருமளவு ஒத்திருந்தன. மக்கொண்டே மக்களின் சொல்லும் நம்மவரின் சொல்லும் ஒரே காட்சியைச் சுட்டியது வெறும் தற்செயலன்று என்று தோன்றுகின்றது. ஆனாலும் இரண்டும் ஒரே நோயல்ல. முடக்குவாதக்காரர் பலருடைய குருதியிற் காணப்படும் பிறபொருளெதிரிகள் சிக்குன்குனியா நோயாளரிடம் பொதுவாகக் காணப்படுவதில்லை. வைத்தியர்கள் இரண்டையும் பிரித்தறிய அது உதவுகின்றது.

ஒத்த நோயாயின் ஒத்த மருந்து கொடுக்கலாமே என்று எவரும் எண்ணக்கூடும். சிக்குன்குனியாவின் உறவினனான றொஸ் ஆற்று வைரசு ஏற்றிய சுண்டெலிகளுக்கு டி.என்.எப். முடக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தனர். இந்த றொஸ் அவுஸ்திரேலியாவில் ஓர் ஆறு; முன்னே சொன்ன அறிஞரல்லர். 2011 இல் வெளியான முடிவு: நோய் தணியவில்லை, கடுமையாயிற்று. வைரசு உடலில் உலாவும்போது காவலைத் தளர்த்துவது ஆபத்தாக முடிந்தது. இதனை மனிதரிடம் முதலிற் சோதித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால், அந்தச் சிறு பிராணிக்கு மனிதர் பட்டிருக்கும் கடன் விளங்கும்.

ஒன்று மட்டும் இன்னும் இடறுகின்றது. பிறிஸ்பேன் சுண்டெலியின் பாதம் ஆறேழு நாளில் உச்ச அளவு வீங்கி, இரண்டு வாரத்துக்குள் வடிந்துவிடும். மனிதனின் முழங்காலோ ஆண்டுக் கணக்கில் நோகின்றது. எலி இரண்டு வாரத்தில் மறந்துவிடுவதை மனிதன் ஏன் மறப்பதில்லை? வீக்கம் வடிந்து வெகு நாளான பிறகும் சுண்டெலியின் மூட்டிழையங்களில் வைரசின் பரம்பரைப் பொருள் தங்கியிருப்பதைப் பிற்கால ஆராய்ச்சிகள் கண்டன. தங்கியிருக்கும் அத்துணுக்குகள் உயிர்ப்புடையனவா, அவைதாம் நோவுக்குக் காரணமா என்பது குறித்து அறிஞரிடையே இன்னும் ஒருமித்த முடிவில்லை. இதற்கிடையில், 2024 இன் இறுதியிலும் 2025 இலும், இலங்கையிற் சிக்குன்குனியா மீண்டும் பரவிற்று.