மதுவிலக்கும் மதுக்கல்வியும்: பெரம்பலூர், அரியலூர் எல்லையிலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை

குடியைச் சட்டத்தால் ஒழிக்க முடியுமா, அல்லது கல்வியாலும் தனிமனிதப் பொறுப்புணர்வாலும் மட்டுமே குறைக்க முடியுமா என்ற கேள்வி தமிழ்நாட்டில் நூறாண்டு காலமாக இருந்து வருகிறது. இரு தரப்பிலும் பெரும் தலைவர்கள் நின்றிருக்கிறார்கள். ஒரே மனிதர் இரு தரப்பிலும் நின்றதும் உண்டு. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் இந்த வரலாற்றின் நடுவில் இருந்தவை அல்ல. ஆனால் அதன் எல்லையில் எப்போதும் இருந்தவை. இந்தியாவின் முதல் மதுவிலக்குச் சோதனை நடந்த சேலம் ஒரு பக்கம். 2024ஆம் ஆண்டு விஷச்சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்ட கள்ளக்குறிச்சி மற்றொரு பக்கம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தை அறிந்தால் அந்தக் கேள்விக்கு ஓரளவு விடை கிடைக்கும்.

வட்டாரமும் பின்னணியும்

இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் முன்பு திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் வடபகுதியாக இருந்தன. 1995இல் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. அதிலிருந்து 2001இல் அரியலூர் பிரிக்கப்பட்டு, 2002இல் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007இல் மறுபடியும் தனி மாவட்டமானது. மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் விளையும் மானாவாரி நிலம் பெரம்பலூர். சுண்ணாம்புக்கல் சுரங்கம், சிமெண்டு ஆலை, முந்திரிக் காடு ஆகியவை அரியலூரின் அடையாளம். மேற்கே பச்சைமலை, தெற்கே கொள்ளிடம். கூலி வேலையை நம்பிய குடும்பங்கள் மிகுதியாக உள்ள பகுதி என்பதால், வாரக் கூலியில் எவ்வளவு வீடு வந்து சேர்கிறது என்பது இங்கே சோற்றுப் பிரச்சினை.

தமிழ் மரபில் கள் புதியதன்று. சங்கப் பாடல்களில் அது விருந்தின் பகுதி. திருக்குறளோ பொருட்பாலில் கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியது. ஏற்பும் மறுப்பும் இவ்வாறு தொன்றுதொட்டே அருகருகே இருந்தன. ஆனால் குடியை அரசின் நிலையான வருவாயாக மாற்றியது ஆங்கிலேய ஆட்சி. 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டத்தின்கீழ் கடைகள் ஏலம் விடப்பட்டன. மரத்துக்கும் வரி விதிக்கப்பட்டது. 1930களில் சென்னை மாகாண வருவாயில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இதிலிருந்து வந்தது.

பிரசாரத்தில் தொடங்கிய இயக்கம்

மதுவிலக்கு, சட்டமாவதற்கு முன் ஒரு கல்வி இயக்கமாகவே தொடங்கியது. 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தபோது காங்கிரசில் இருந்த ஈ.வெ. இராமசாமி தம் தோப்பின் தென்னை மரங்களையே வெட்டிச் சாய்த்தார். அவர் மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாவும் மறியலில் முன்னின்றார்கள். 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்த இராஜாஜி, 1929இல் மதுவிலக்குப் பிரசாரத்துக்கென்றே 'விமோசனம்' என்ற மாத இதழைத் தொடங்கினார். கல்கி அதில் அவருடன் பணியாற்றினார். பத்து இதழ்களே வந்தன. ஆயினும் குடியின் தீமையைக் கதையாகவும் படமாகவும் சொல்லி, படிக்கத் தெரிந்தவர் படிக்காதவருக்கு வாசித்துக் காட்டும்படி செய்யலாம் என்ற நம்பிக்கை அதன் அடிப்படை.

சேலம் சோதனை, 1937

இராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானதும் சென்னை மதுவிலக்குச் சட்டம் இயற்றப்பட்டு, 1937 அக்டோபர் 1 முதல் சேலம் மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்தது. அன்றைய சேலம் மாவட்டம் இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களையும் உள்ளடக்கியது. 1938இல் சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கும் 1939இல் வட ஆற்காட்டுக்கும் அது விரிந்தது.

சேலத்தில் சட்டம் தனியாக வரவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். கடைகளை மூடியதோடு, மாலை நேரத்தை நிரப்பப் பஜனை, விளையாட்டு, பொழுதுபோக்கு ஏற்பாடுகள் செய்யப்பட்டன. மரமேறிகளின் பிழைப்புக்குப் பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்ச வழி செய்யப்பட்டது. மிச்சமான கூலியைச் சேமிக்கும் பழக்கம் ஊக்குவிக்கப்பட்டது. வருவாய் இழப்பை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. இந்தியாவில் அத்தகைய வரி அதுவே முதல் முறை. சுருக்கமாகச் சொன்னால், குடிப்பவனுக்கு மாற்றுப் பொழுது, இறக்குபவனுக்கு மாற்றுத் தொழில், அரசுக்கு மாற்று வருவாய் என்ற மூன்றையும் அந்தச் சோதனை யோசித்திருந்தது.

அப்போது சேலத்தின் எல்லையில் இருந்த பெரம்பலூர் வட்டாரம் இந்தச் சட்டத்துக்கு வெளியே இருந்தது. எல்லைக்கு ஒரு பக்கம் குடிப்பது குற்றம், மறு பக்கம் உரிமம் பெற்ற வணிகம். மாவட்டம் மாவட்டமாக மதுவிலக்கு வரும்போதெல்லாம் எழுந்த இந்தச் சிக்கல், பின்னாளில் மாநில எல்லைகளில் இன்னும் பெரிதாக எழுந்தது.

1939இல் காங்கிரஸ் அமைச்சரவை விலகியது. போர்க்காலத்தில் ஆளுநர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்தி வைத்தது. 1946இல் மீண்டும் தொடங்கி, ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சியில் 1948 அக்டோபர் 2 அன்று மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. திருச்சிராப்பள்ளி மாவட்டமும் அதில் அடங்கியது. இரண்டாண்டுகளில் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 47ஆவது பிரிவு, போதை தரும் பானங்களைத் தடைசெய்ய முயல்வதை அரசின் கடமைகளுள் ஒன்றாகச் சேர்த்தது.

தடையின் பலனும் விலையும்

மதுவிலக்கினால் பயனில்லை என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. அது முழு உண்மையன்று. எளிதில் கிடைக்காத பொருளைப் பலர் தொடுவதில்லை. தெருமுனையில் கடை இல்லாதபோது புதிதாகக் குடிக்கத் தொடங்குவோர் குறைகிறார்கள். வீட்டுக்கு வரும் பணம் கூடுகிறது. பெண்கள் எக்காலத்திலும் கடையை மூடச் சொல்லிப் போராடுவது இந்த அனுபவத்தால்தான்.

ஆனால் ஏற்கெனவே அடிமையானவர் கடையை மூடுவதால் விடுபடுவதில்லை. அவர் வேறொன்றைத் தேடுகிறார். தமிழ்நாட்டில் அது மலையடிவாரத்து ஊறலாகவும், மருந்துக் கடை டிங்சராகவும், மர வேலைக்கான வார்னிஷாகவும் இருந்தது. அமெரிக்கா 1920 முதல் 1933 வரை மதுவிலக்கை நடத்திப் பார்த்து, கள்ளச்சந்தையும் குற்றக் கும்பல்களும் பெருகிய நிலையில் கைவிட்டது.

பெரியாரின் மாற்றம்

மரங்களை வெட்டிய பெரியாரே பிற்காலத்தில் மதுவிலக்கை எதிர்த்தார். சட்டத்தால் குடியை நிறுத்த முடியாது, அளவோடு குடிப்பவரைக் குற்றவாளியாக்குவது தனிமனித உரிமையில் தலையிடுவது என்பது அவர் வாதம். இராஜாஜியோ கடைசி வரை மாறவில்லை. ஏழையின் விருப்பம் என்று சொல்லப்படுவது உண்மையில் அவனுடைய விருப்பமன்று, பழக்கத்தின் பிடி என்பது அவர் தரப்பு. 1971இல் மு. கருணாநிதி அரசு மதுவிலக்கை நீக்க முடிவு செய்தபோது, 92 வயது இராஜாஜி முதல்வரை நேரில் சந்தித்து வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சுற்றியுள்ள மாநிலங்களில் மது விற்கையில் தமிழ்நாடு மட்டும் இழப்பைத் தாங்க இயலாது என்பது அரசின் நிலை. 1971 ஆகஸ்டு 30 அன்று மதுவிலக்கு ஒத்திவைக்கப்பட்டது.

இந்த இரு வாதங்களும் இருவேறு மனிதர்களைப் பற்றியவை. பெரியார் பேசியது தேர்ந்தெடுக்கும் வல்லமை உள்ளவரைப் பற்றி; இராஜாஜி பேசியது அதை இழந்தவரைப் பற்றி. ஊரில் இருவரும் இருக்கிறார்கள்.

திறப்பும் அடைப்பும்

அதன்பின் கொள்கை அடிக்கடி மாறியது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் கடைகள் படிப்படியாக மூடப்பட்டு மதுவிலக்கு திரும்பியது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1981இல் கள், சாராயக் கடைகள் திறக்கப்பட்டன. 1983இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், அதாவது டாஸ்மாக், மொத்த விற்பனைக்காக நிறுவப்பட்டது. 1987இல் கள்ளும் சாராயமும் மீண்டும் தடை. 1990இல் மலிவு விலை மது. 1991இல் ஜெயலலிதா அரசு அதை நிறுத்தியது. 2001இல் பண்ருட்டிப் பகுதியில் விஷச்சாராயம் ஐம்பது உயிர்களுக்கு மேல் கொண்டுபோனது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் வசமாயிற்று.

2003-04இல் மதுவால் அரசுக்குக் கிடைத்தது 3,600 கோடி ரூபாய் அளவில். 2023-24இல் 45,000 கோடிக்கும் மேல். 2016, 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் ஒவ்வொரு முறையும் 500 கடைகள் மூடப்பட்டன, வருவாய் குறையவில்லை. அரசே மது விற்கும் இந்த மாநிலத்தில் நடைமுறையில் உள்ள சட்டம் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம்தான். துறையின் பெயரும் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறைதான்.

கள்ளக்குறிச்சி தந்த பாடம்

2024 ஜூனில் பெரம்பலூரின் வடக்கு எல்லையை ஒட்டிய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், நகரின் கருணாபுரம் பகுதியை மையமாகக் கொண்டு அந்தப் பெருந்துயரம் நடந்தது. சாராயத்தில் மெத்தனால் கலந்திருந்தது. மெத்தனாலை உடல் ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அது பார்வை நரம்பைத் தாக்கி, பின் உயிரைப் பறிக்கிறது. சிறிதளவே போதும். சட்டம் திருத்தப்பட்டு ஆயுள் தண்டனை வரை கடுமையாக்கப்பட்டது.

அங்கே டாஸ்மாக் கடைகள் இல்லாமல் இல்லை. ஆகவே மதுவிலக்கினால்தான் கள்ளச்சாராயம் பெருகுகிறது என்ற விளக்கம் இந்த இடத்தில் போதாது. பாக்கெட் சாராயம் மலிவு, வீட்டருகில் கிடைக்கிறது, விடியலிலேயே கிடைக்கிறது. கூலிக்காரர் கணக்கு அது. கண் மங்கினால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்ற எளிய செய்தி அத்தெருக்களில் முன்பே பரவியிருந்தால் சில உயிர்களாவது பிழைத்திருக்கக்கூடும். கல்வி என்பது குடிக்காதே என்ற அறிவுரை மட்டுமன்று, இதுவும் கல்விதான்.

எது கல்வி?

கல்வி என்றால் பள்ளியில் உறுதிமொழி எடுப்பது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. 1983இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் தொடங்கிய 'டேர்' திட்டத்தில் காவலர்களே வகுப்பறைக்கு வந்து போதையின் தீமையை விளக்கினார்கள். மாணவர்களின் பிற்காலப் பழக்கத்தில் அது நிலையான மாற்றம் ஏற்படுத்தவில்லை என்று பல ஆய்வுகள் காட்டின. ஐஸ்லாந்து வேறு வழியில் சென்றது. மாலையில் விளையாட்டு, இசை வகுப்புகள், பெற்றோருடன் கூடுதல் நேரம், இரவில் சிறுவர் வெளியே திரியத் தடை, வயது வரம்பு ஆகிய அனைத்தும் சேர்ந்தன. 1998இல் 15, 16 வயதினரில் முந்தைய மாதத்தில் போதை ஏறக் குடித்தவர் 42 விழுக்காடு; 2016இல் 5 விழுக்காடு. அங்கே சட்டமும் இருந்தது, கல்வியும் இருந்தது, மாலைப் பொழுதுக்கு ஒரு மாற்றும் இருந்தது. 1937ஆம் ஆண்டின் சேலத்தை இது நினைவூட்டுகிறது.

அடிமையானவருக்கு மூன்றாவதாக ஒன்று தேவை, அது சிகிச்சை. நீண்ட காலம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். மன உறுதி இல்லாதவன் என்று அவரைப் பழிப்பதில் பயனில்லை. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கினார். சென்னைக்கு வர இயலாத கூலித் தொழிலாளர்களுக்காகப் பின்னர் மஞ்சக்குடி போன்ற கிராமங்களிலேயே முகாம்கள் நடந்தன. குடும்பத்தையும் ஊரையும் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டது அதன் சிறப்பு. போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446 இன்று கட்டணமின்றிக் கிடைக்கிறது.

முடிவாக

நூறாண்டு வரலாற்றில் தமிழ்நாடு கடையைத் திறப்பதையும் மூடுவதையும் பலமுறை செய்து பார்த்துவிட்டது. சேலத்தில் ஒரு மாவட்டத்துக்குக் கிடைத்த முழுக் கவனம் அதன்பின் எந்த மாவட்டத்துக்கும் கிடைக்கவில்லை. தனிமனிதப் பொறுப்பு என்பது தெருமுனைக் கடையை அப்படியே விட்டுவிட்டுக் குடிப்பவனைக் குறை சொல்வதற்கான சொல்லாகிவிடக் கூடாது. மதுவிலக்கு என்பதும் அடிமையானவரைக் காவல் நிலையத்தில் விட்டுவிட்டு வருவதாகிவிடக் கூடாது.

பெரம்பலூர், அரியலூர் போன்ற மாவட்டங்கள் இன்று கேட்கத்தக்க கேள்விகள் சிறியவை. ஊரின் கிராம சபைக்குக் கடையின் இடத்தைப் பற்றிச் சொல்ல உண்மையான அதிகாரம் உண்டா? பள்ளி விட்ட பிறகு பதினைந்து வயதுப் பையனுக்கு மாலையில் போக ஓர் இடம் உண்டா? குடியை விட விரும்பும் சிமெண்டு ஆலைத் தொழிலாளிக்கு ஒரு நாள் கூலியை இழக்காமல் போய்வரும் தூரத்தில் மருத்துவர் உண்டா? இவற்றுக்கு ஆம் என்று சொல்ல முடிகிற ஊரில் மதுவிலக்கா, கல்வியா என்ற வாதத்துக்கு வேலை குறைவு.