ஆல்பத்துல தேடினா கிடைக்காது! தனி சிங்கிளாவே கலக்கிய 'தி ஸ்மித்ஸ்' பாடல்கள்

ஒரு இசைக்குழுவோட ஆல்பம் எல்லாத்தையும் வாங்கியும், அவங்களோட ஃபேமஸ் பாட்டு அதுல இல்லைன்னா எப்படி இருக்கும்? 'தி ஸ்மித்ஸ்' ரசிகர்களுக்கு இது பழகிப்போன விஷயம்.

இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 1982-ல் உருவான இந்த இண்டி ராக் குழு, 1987-ல் பிரிந்தது. மொத்தம் 4 ஸ்டுடியோ ஆல்பங்கள்தான். ஆனால் இடையிடையே சிங்கிள்கள் வந்துகொண்டே இருந்தன. 1983-ல் வெளியான 'திஸ் சார்மிங் மேன்', அடுத்த ஆண்டு பிரிட்டனில் வந்த முதல் ஆல்பத்தில் இல்லை. பிரிட்டன் தரவரிசையில் 10-ம் இடம் பிடித்த 'ஹெவன் நோஸ் ஐ'ம் மிசரபிள் நவ்', 1986-ல் வந்த 'பேனிக்' எல்லாமே அப்படித்தான்.

அப்படி என்ன ஈர்ப்பு?

பொதுவாக சிங்கிள் என்பது வரப்போகும் ஆல்பத்துக்கு டிரெய்லர் மாதிரி. இங்கே அதுவே முழுப்படம். மற்ற பாடல்களோடு ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை. அடுத்த ஆல்பம் வரும்வரை ரசிகர்கள் காத்திருக்கவும் வேண்டாம். அட்டையில் பெரும்பாலும் குழுவினர் படம் இருக்காது. 'திஸ் சார்மிங் மேன்' அட்டையில் இருப்பவர் பிரெஞ்சு நடிகர் ஜான் மரே. இசைத்தட்டைத் திருப்பிப் போட்டால் இன்னொரு புதுப் பாட்டு. உண்மையான புதையல் பெரும்பாலும் அங்கேதான்!

'ஹவ் சூன் இஸ் நவ்?' கதையே அதுக்கு சாட்சி. ஜானி மாரின் அதிரும் கிட்டாரோடு கிட்டத்தட்ட 7 நிமிடம் ஓடும் இந்தப் பாட்டு, 1984-ல் வேறொரு சிங்கிளின் 12 இன்ச் இசைத்தட்டில் பின்பக்கமாகத்தான் வந்தது. 1985-ல்தான் தனி சிங்கிள் ஆனது. அதற்குள் பலர் வாங்கிவிட்டதாலோ என்னவோ, பிரிட்டனில் 24-ம் இடத்தைத் தாண்டவில்லை. இன்றைக்கு அந்தக் குழுவின் அடையாளமே இதுதான். 'மீட் இஸ் மர்டர்' ஆல்பத்தின் அமெரிக்கப் பதிப்பில் இதைச் சேர்த்தார்கள். பிரிட்டன் பதிப்பில் இல்லை.

இரண்டு முறை காசு

இதில் ரசிகர்களின் பாக்கெட்டும் காலியானது. சிதறிக் கிடந்த பாடல்களைத் திரட்டி 'ஹாட்ஃபுல் ஆஃப் ஹாலோ' (1984), 'தி வேர்ல்ட் வோன்ட் லிசன்', 'லவுடர் தேன் பாம்ப்ஸ்' (இரண்டும் 1987) எனத் தொகுப்புகள் வந்தன. ஒன்றில் இருக்கும் பாட்டே இன்னொன்றிலும் இருக்கும். சிங்கிள் வாங்கியவர்கள் திரும்பவும் காசு கொடுக்கணும்.

இதில் வேடிக்கை, பழைய பாடல்களைப் புது அட்டை போட்டு விற்கும் கம்பெனிகளைக் கிண்டலடித்து ஸ்மித்ஸே ஒரு பாட்டு போட்டிருக்கிறார்கள். கடைசி ஆல்பத்தில் வரும் 'பெயின்ட் எ வல்கர் பிக்சர்'. அது சிங்கிளாக வரவே இல்லை!