இசைவு

‘இசை’ என்னும் வினையடியோடு ‘வு’ சேர்ந்து பிறந்த பெயர். இசைதல் என்றால் பொருந்துதல், உடன்படுதல். கல்வெட்டுகளில் உடன்படிக்கை ஆவணத்துக்கு ‘இசைவுத்தீட்டு’ என்றே பெயர். தீட்டு என்பது எழுதித் தந்த ஓலை. ஒருவர் மறுக்காமல் இருந்ததை இசைவு என்று கொள்ள முடியாது என்பதை அந்தக் கூட்டுச்சொல்லே உணர்த்துகிறது.

சமூக வலைத்தளங்களுக்கு இச்சொல் இன்று மிகவும் தேவைப்படுகிறது. 2024 பிப்ரவரியில், மாஸ்டடான் என்ற வலைத்தளத்தின் பதிவுகளைப் புளூஸ்கை என்ற வலைத்தளத்திலும், புளூஸ்கைப் பதிவுகளை மாஸ்டடானிலும் தானாகக் காட்டும் ‘பிரிட்ஜி ஃபெட்’ என்ற பாலத்தை மென்பொருளாளர் ரயான் பேரட் அறிவித்தார். பொதுவில் இருக்கும் பதிவுகள் எல்லாம் கடந்து போகும், வேண்டாதவர் விலகிக்கொள்ளலாம் என்பது முதல் திட்டம். மாஸ்டடானில் கடும் எதிர்ப்பு எழுந்தது. அது நியாயமான எதிர்ப்பு. அங்கே பலர் தொல்லைகளிலிருந்து ஒதுங்கி, அதிலுள்ள பல வழங்கிகளுள் (servers) தமக்கேற்ற விதிகள் கொண்டதைப் பார்த்துச் சேர்ந்தவர்கள். பதிவு வேறு தளத்துக்குப் போனால் அந்த விதிகள் அதனுடன் போவதில்லை. எல்லோரும் படிக்கலாம் என்று திறந்து வைத்தது, எங்கும் கொண்டுபோகலாம் என்று எழுதிக்கொடுத்ததாகாது. பாலம் இருப்பதே தெரியாதவர் எப்படி விலகுவார்?

பேரட் திட்டத்தை மாற்றினார். பாலத்துக்கென உள்ள கணக்கைத் தாமாகப் பின்தொடர்பவரின் பதிவுகள் கடந்து செல்லும். அந்தப் பின்தொடர்தல்தான் இக்காலத்து இசைவுத்தீட்டு.